சுவரைத் துளைத்தாலும் மூடி விடாது! எலெக்ட்ரானை வெளியே கொண்டுவர 60 ஆண்டுப் போராட்டம்

பழைய வால்வு ரேடியோவைக் கையாண்டவர்களுக்கு நினைவிருக்கும். குமிழைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. பெட்டிக்குப் பின்னால் கண்ணாடிக் குழாய்களுக்குள் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறும். வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரை நிமிடம் போல ஆன பிறகுதான் அறிவிப்பாளரின் குரல் கேட்கும்.

அந்த அரை நிமிடம் எதற்கு?

எலெக்ட்ரான்களைச் சூடு போட்டு வெளியே விரட்டுவதற்கு!

ஆம். உலோகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான் லேசில் வெளியே வராது. உள்ளே அது இஷ்டம்போல் ஓடித் திரியும். கம்பி வழியாக அது ஓடுவதைத்தான் நாம் மின்சாரம் என்கிறோம். ஆனால் உலோகத்தின் விளிம்பைத் தாண்டி வெட்டவெளியில் குதிக்கச் சொன்னால் மட்டும் முடியாது. வெளியே கால் வைக்கும் எலெக்ட்ரானை உலோகம் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொள்ளும்.

இந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்பதை விஞ்ஞானிகள் "எலெக்ட்ரான் வோல்ட்" என்ற அளவால் சொல்கிறார்கள். அலுமினியத்திலிருந்து விடுபட 4 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் வேண்டும். டங்ஸ்டனுக்கு நாலரை. தங்கத்துக்கு ஏறக்குறைய 5. டார்ச் விளக்கில் போடும் பாட்டரி மூன்றைச் சேர்த்தால் நாலரை வோல்ட் ஆகிறது. அவ்வளவுதான் சுவரின் உயரம்!

அப்படியானால் மூன்று பாட்டரியைக் கம்பியில் மாட்டினால் எலெக்ட்ரான் வெளியே குதித்துவிடுமா? குதிக்காது. பாட்டரி கொடுக்கும் சக்தியை எலெக்ட்ரான் வழியெல்லாம் அணுக்களின் மேல் முட்டி மோதிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்துவிடும். கம்பி சூடாகும், அவ்வளவுதான். விளிம்புக்கு வரும்போது அதன் கையில் காசு இருக்காது.

இந்தச் சங்கதியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான் போகிறது.

எடிசன் கண்டார், காரணம் தெரியவில்லை

மின்விளக்கைப் பரப்பிய தாமஸ் ஆல்வா எடிசனுக்கு ஒரு தொல்லை இருந்தது. அவருடைய விளக்குகளின் உட்புறக் கண்ணாடியில் கரி படிந்தது. ஏன் என்று பார்ப்பதற்காக விளக்குக்குள் தனியாக ஓர் உலோகத் தகட்டை வைத்தார். சூடான இழைக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் இல்லை. வெறும் வெற்றிடம். ஆனாலும் மின்சாரம் பாய்ந்தது! 1883-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார். காரணம் மட்டும் அவருக்கு விளங்கவில்லை. விளங்க வழியுமில்லை. எலெக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதையே 1897-ல்தான் ஜே. ஜே. தாம்சன் கண்டுபிடித்தார்.

காரணத்தைச் சொன்னவர் ஓவன் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். 1901-ல் அவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளைஞர். அடுப்பில் வைத்த தண்ணீர் ஆவியாவதைப் போல, காய்ச்சிய உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் ஆவியாகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இதற்காக அவருக்கு 1928-ம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது.

வால்வு ரேடியோ, பருமனான பழைய டெலிவிஷன் பெட்டி, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே குழாய் எல்லாம் இந்தச் சூட்டில் ஓடியவையே. இன்றைக்கும் சமையலறை மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஒரு சூடான இழைதான் எலெக்ட்ரானைக் கக்குகிறது. வெறும் டங்ஸ்டன் கம்பி என்றால் 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சியாக வேண்டும். அதன் மேல் தகுந்த பூச்சுப் பூசினால் 700, 800 டிகிரி போதும்.

ஆனாலும் நெருப்பு நெருப்புதானே! கம்பி நாளாவட்டத்தில் தேய்கிறது. மின்சாரம் வீணாகிறது. ஒவ்வொரு முறையும் சூடேறக் காத்திருக்க வேண்டும். கொதிக்கும் பானையிலிருந்து துள்ளும் துளிகளைப் போல எலெக்ட்ரான்கள் ஆளுக்கொரு வேகத்தில் வருகின்றன. எலெக்ட்ரான் பூதக்கண்ணாடி போன்ற நுட்பமான கருவிக்கு இது பெரிய இடைஞ்சல்.

சுடாமலே எலெக்ட்ரானை வரவழைக்க முடியாதா?

சுவரைத் தாண்டாதே, துளை!

முடியும் என்று 1928-ல் கணக்கு எழுதியவர்கள் இருவர். ஒருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரால்ஃப் பவுலர். மற்றவர் ஜெர்மானியர் லோதர் நோர்ட்ஹைம்.

எலெக்ட்ரான் வெறும் குண்டு அல்ல, அலையுமாகும். குண்டு என்றால் சுவரின் உயரத்தைத் தாண்ட வேண்டும். அலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சுவர் போதுமான அளவுக்கு மெல்லியதாக இருந்தால், சில எலெக்ட்ரான்கள் ஏறாமலே மறுபுறத்தில் தென்படும். சித்தர் கதை மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் இது அளந்து பார்த்த உண்மை.

சுவரை மெல்லியதாக்குவது எப்படி? வெளியிலிருந்து பலமான மின்புலத்தால் இழுத்தால் சுவர் சாய்ந்து, மேல்பகுதி கூர்மையாகிவிடும். அதற்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சில கோடி வோல்ட் தேவை! காற்றில் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் வந்தாலே பொறி பறந்துவிடும். ஆகவே ஊசி முனை போன்ற மிகக் கூர்மையான டங்ஸ்டன் முனையை வெற்றிடத்தில் வைத்து, மின்புலத்தை அந்த நுனியில் குவித்தார்கள். எலெக்ட்ரான் வந்தது. ஆனால் வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் துளிக் காற்றும் மின்னேறித் திரும்பிவந்து அந்த நுனியை மொத்தியது. நுனி மழுங்கியது. மிக உயர்ந்த வெற்றிடம் இல்லாவிட்டால் ஊசிக்கு ஆயுள் இல்லை.

பவுலரின் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் தம் ஆரம்பகாலக் கட்டுரை ஒன்றை அனுப்பிவைத்தது இவருக்குத்தான். 1930-ல் அவர் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றதும் இவரிடம் ஆராய்ச்சி செய்யத்தான். நட்சத்திரத்தின் வயிற்றில் நெருங்கிக் கிடக்கும் எலெக்ட்ரானையும், உலோகத்திலிருந்து நழுவும் எலெக்ட்ரானையும் ஒரே மனிதர் ஆராய்ந்தார் என்பது வியப்புக்குரியது.

மூன்றடுக்குத் தகடு

1960-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்வர் மீட் என்ற இளைஞர் ஒரு யோசனை சொன்னார். நீர்மின்சார நிலையத்தில் வேலை பார்த்தவரின் மகன் இவர். அந்த ஆண்டுதான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்.

ஊசியும் வேண்டாம், கோடி வோல்ட்டும் வேண்டாம் என்றார் மீட். தட்டையான உலோகம் ஒன்று. அதன் மேல் மிக மெல்லிய ஆக்ஸைடு. அதற்கும் மேல் மெல்லிய உலோகப் பூச்சு. மூன்றே அடுக்கு!

ஆக்ஸைடு என்பது பிராணவாயுவோடு சேர்ந்து உண்டாகும் பொருள். இரும்புத் துரு ஓர் ஆக்ஸைடு. ஆற்று மணலில் பெரும்பகுதி சிலிகான் ஆக்ஸைடு. மீட் எடுத்துக்கொண்டவை மின்சாரத்தைக் கடத்தாதவை. எனவே நடு அடுக்குதான் எலெக்ட்ரானுக்குச் சுவர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு 1 நானோமீட்டர். ஆக்ஸைடின் தடிப்பு 10 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு பக்கத்துக்கும் 10 வோல்ட் கொடுத்தால், சென்டிமீட்டருக்கு 1 கோடி வோல்ட் ஆகிவிடுகிறது! வெற்றிடத்தைவிட ஆக்ஸைடுக்குள் சுவர் தாழ்வு. ஆகையால் இந்த 1 கோடியே போதும். சில பாட்டரிகளைச் சேர்த்து, பெரிய இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை முடித்துவிடலாம்.

கீழ் உலோகத்து எலெக்ட்ரான் சுவரைத் துளைத்து ஆக்ஸைடுக்குள் புகும். அங்கே மின்புலம் அதைச் சரிவில் உருட்டிவிட்ட கல்லைப் போல வேகப்படுத்தும். பல எலெக்ட்ரான் வோல்ட் சக்தியோடு மேல் பூச்சை வந்து சேரும். பூச்சு மெல்லியதாக இருந்தால், அதையும் கிழித்துக்கொண்டு வெளியே பறக்கும். இப்படி ஓர் அதிவேகப் பெருக்கியைச் செய்யலாம், டிரான்ஸிஸ்டரையே மிஞ்சலாம் என்பது மீட்டின் ஆசை.

கருவி வேலை செய்ததா? செய்தது. எலெக்ட்ரான் வெளியே வந்தது.

எவ்வளவு வந்தது என்பதில்தான் வில்லங்கம்! கீழிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களில் ஆயிரத்துக்கு ஒன்று வெளியே தேறினாலே பெரிய காரியமாக இருந்தது. மற்றவை எங்கே போயின?

மூடியே எமன்!

மேல் பூச்சில் மாண்டு போயின. சுவர் அல்ல, மூடிதான் எமனாக வந்து நின்றது.

தேர்த் திருவிழாவில் சந்து வழியாக ஓடிவருகிற ஒருவர் தெற்கு வீதிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நாலு பேர் மேல் இடித்ததும் ஓட்டம் நடையாகிவிடும். அதே கதிதான் எலெக்ட்ரானுக்கும். மேல் பூச்சான உலோகத்துக்குள் ஏற்கெனவே எலெக்ட்ரான் கூட்டம் நெரிகிறது. வேகமாக வருவது அவற்றின் மேல் மோதிச் சக்தியைப் பங்கு போட்டுக்கொள்கிறது. சில நானோமீட்டர் போவதற்குள் கையிருப்புக் கரைந்துவிடும். வெளியே குதிக்க 4 அல்லது 5 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். அது இல்லாதவை மூடியோடு நின்று, கம்பி வழியாகப் பாட்டரிக்கே திரும்பிவிடும்.

மூடியை இன்னும் மெல்லியதாக்கினால் என்ன?

அங்கேதான் உலோகம் சதி செய்தது. தங்கத்தைச் சில நானோமீட்டருக்கும் குறைவாகப் பூசினால் அது பூச்சாகவே நிற்பதில்லை. தாமரை இலைத் தண்ணீரைப் போல உருண்டு திரண்டு, தனித்தனித் தீவுகளாகிவிடும். தீவுக்கும் தீவுக்கும் தொடர்பு அறுந்தால் மின்சாரத்தை எங்கே கொடுப்பது? தடித்தால் எலெக்ட்ரான் சாகிறது. மெலிந்தால் மூடியே சிதறுகிறது.

வோல்ட்டைக் கூட்டினால்? எலெக்ட்ரான் கூடுதல் சக்தியோடு வரும், வாஸ்தவம். ஆனால் அந்த வேகம் ஆக்ஸைடைப் பதம் பார்த்துவிடும். உள்ளே அணுப் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறும். அறுந்த இடங்களில் எலெக்ட்ரான் சிக்கிக்கொள்ளும். அந்தக் குழிகள் வரிசையாக அமைந்துவிட்டால் ஒருநாள் திடீரென்று ஓட்டை விழும். தகடு தீர்ந்தது!

தோற்ற கருவி தந்த பாடம்

மீட்டின் பெருக்கி கடைக்கு வரவில்லை. ஆனால் எலெக்ட்ரான் எந்தத் தடிப்பில் சுவரைத் துளைக்கும் என்பதை அளந்து அளந்து பார்த்ததில் அவருக்குக் கிடைத்த ஞானம் வீண் போகவில்லை.

அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு சிநேகிதர் வாய்த்தார். பேர்சைல்டு கம்பெனியின் கார்டன் மூர். தம் கம்பெனி கழித்துப் போட்ட டிரான்ஸிஸ்டர்களைக் கவர் கவராகக் கொண்டுவந்து மீட்டின் மாணவர்களுக்காகக் கொடுத்தவர். பின்னால் 1968-ல் இன்டெல் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். டிரான்ஸிஸ்டரைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், எலெக்ட்ரான் சுவரைத் துளைப்பது ஒரு கட்டத்தில் தடையாகிவிடாதா என்று அவர் மீட்டைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுந்த ஆள் மீட்தான். மாணவர் புரூஸ் ஹோனெய்சனோடு சேர்ந்து 1972-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, டிரான்ஸிஸ்டரைச் சுமார் கால் மைக்ரான் வரை சிறிதாக்கலாம். அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய அளவிலேயே தொழில் நின்றுவிடும் என்று பலர் பயந்துகொண்டிருந்த காலம் அது! பிற்காலத்தில் அந்தக் கால் மைக்ரானையும் தாண்டிப் போய்விட்டார்கள். "மூர் விதி" என்று உலகம் இன்று சொல்கிற பெயரை வைத்தவர் மீட்தான் என்பார்கள்.

எகிப்தியரும் கொரியரும்

மீட் உலோகத்தோடு மல்லுக்கட்டிய அதே சமயத்தில், பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேறு இருவர் வேறு ஒரு மூன்றடுக்கைச் செய்துகொண்டிருந்தார்கள். எகிப்து நாட்டுப் போர்ட் சையதில் பிறந்த முகமது அட்டாலா. கொரியாவின் சியோலில் பிறந்த டாவன் காங். கீழே சிலிகான், நடுவில் சிலிகான் ஆக்ஸைடு, மேலே உலோகம். 1960-ல் அவர்கள் அறிவித்த அந்த டிரான்ஸிஸ்டருக்கு உலோகம், ஆக்ஸைடு, குறைகடத்தி என்ற மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து "மாஸ்" என்று பெயர் வந்தது. இன்று கைக்கடிகாரம் முதல் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றிலும் இருப்பது அதன் வம்சம்தான்.

சிலிகானைப் பிராணவாயுவில் காய்ச்சினால் அதன் மேல் தானாகவே ஒழுங்கான, ஓட்டையில்லாத கண்ணாடிப் படலம் வளர்கிறது. சிலிகானிலிருந்து அந்தப் படலத்துக்குள் ஏற வேண்டிய சுவர் சுமார் 3 எலெக்ட்ரான் வோல்ட். இவ்வளவு சுத்தமான சுவரை வேறு எந்த உலோகத்தின் ஆக்ஸைடும் அன்று தரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், டிரான்ஸிஸ்டர் செய்கிறவருக்கு இந்த ஆக்ஸைடு வழியாக ஓர் எலெக்ட்ரான்கூடப் போகக் கூடாது. போனால் அது கசிவு, நோய்! எலெக்ட்ரானை வெளியே எடுக்க நினைப்பவருக்கோ போவதுதான் வேண்டும். ஒரே மூன்றடுக்கு, ஒருவருக்கு விஷம், மற்றவருக்கு மருந்து.

அந்த விஷத்தை முதலில் மருந்தாக்கியவரும் காங்தான். கூடவே சைமன் ஸீ என்ற சீனர். இருவரும் பெல் ஆராய்ச்சிக்கூடத்துச் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டில் அடுக்கடுக்கான கேக் வந்ததாம். டிரான்ஸிஸ்டரிலும் நடுவில் இன்னும் ஓர் அடுக்கைச் சேர்த்தால் என்ன என்று பேச்சு எழுந்ததாம். 1967-ல் கட்டுரை வெளிவந்தது. ஆக்ஸைடுக்கு நடுவே எதனோடும் தொடர்பில்லாத ஓர் உலோகத் தீவு. எலெக்ட்ரானைச் சுவரைத் துளைக்கவைத்துத் தீவில் ஏற்றிவிட்டால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது அங்கேயே கிடக்கும். தீவில் எலெக்ட்ரான் இருந்தால் ஒரு சேதி. இல்லாவிட்டால் வேறு சேதி. ஞாபகசக்தி பிறந்துவிட்டது!

இதையே பெருக்கி, 1984-ல் ஜப்பானின் தோஷிபா கம்பெனியைச் சேர்ந்த புஜியோ மசுவோகா "பிளாஷ்" நினைவகமாக அறிவித்தார். இன்று செல்போனில் படம் பிடித்துச் சேமிக்கும்போதெல்லாம், பவுலரும் நோர்ட்ஹைமும் கணக்குப் போட்ட அதே எலெக்ட்ரான்கள்தான் சுவரைத் துளைத்துப் போய் உட்காருகின்றன. இப்போது பல சில்லுகளில் உலோகத் தீவுக்குப் பதில் எலெக்ட்ரானைப் பிடித்துவைக்கும் நைட்ரைடு படலம் இருக்கிறது. ஆனாலும் வழி அதே வழி.

விலையும் அதே விலை. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் ஆக்ஸைடு கொஞ்சம் காயப்படுகிறது. ஓர் அறைக்கு ஒரே ஒரு துளிச் சேதி என்று தாராளமாகச் செய்த பழைய சில்லுகள் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை தாங்கின. மூன்று துளிகளை நெருக்கித் திணிக்கிற சில்லுகளுக்குச் சில ஆயிரம் தடவையே பெரிது. போன் வாங்குகிறவரிடம் கடைக்காரர் சொல்லாத விஷயம் இது. சொல்லாததால் பெரிய நஷ்டமும் இல்லை. காயப்பட்ட அறைகளை ஒதுக்கி வேறு அறைக்கு எழுதும் சாமர்த்தியம் சில்லுக்கே உண்டு.

ஜப்பானியர் விடவில்லை

தீவுக்கு அனுப்புவதில் மூடிச் சிக்கல் இல்லை. தீவிலேயே எலெக்ட்ரான் தங்கிவிடுவதால் அது எதையும் கிழித்துக்கொண்டு வெளியேற வேண்டியதில்லை. வெட்டவெளிக்கு அனுப்பும் பழைய கனவு மட்டும் அப்படியே கிடந்தது.

அதைத் தூசு தட்டி எடுத்தவர்கள் ஜப்பானியர். 1990-களின் தொடக்கத்தில் செண்டாய் நகரத்துத் தோஹோகு சர்வகலாசாலையில் யோக்கோ முதலான ஆராய்ச்சியாளர்கள், உலோகத்துக்குப் பதில் சிலிகானையும் அதன் சுத்தமான ஆக்ஸைடையும் கொண்டு எலெக்ட்ரான் உமிழும் தகடுகளைச் செய்தார்கள். டிரான்ஸிஸ்டர் தொழிற்சாலையின் கைத்திறமை அப்படியே இதற்கும் பயன்பட்டது. 1997-ல் பயனீர் கம்பெனியார் வேறு வழியில் போனார்கள். ஆக்ஸைடை மெல்லியதாக்காமல், மற்றவர்களைவிடப் பல மடங்கு தடிப்பாக வைத்தார்கள். நூற்றுக்கு 28 எலெக்ட்ரான்கள் வரை வெளியே வருவதாக அறிவித்தார்கள். ஆயிரத்துக்கு ஒன்று எங்கே, நூற்றுக்கு 28 எங்கே!

ஜப்பான் ஒளிபரப்புக் கழகமான என்.எச்.கே., பயனீரோடு சேர்ந்து இந்தத் தகட்டை இருட்டில் படம் பிடிக்கும் காமிராவில் வைத்துப் பார்த்தது. காமிராவின் முன்பக்கத்தில் செலினியப் படலம் ஒன்று மங்கலான வெளிச்சத்தையும் பலமடங்கு பெருக்கி மின்னேற்றப் படமாக வைத்திருக்கும். எதிரே புள்ளி புள்ளியாக அமைந்த எலெக்ட்ரான் தகடு அந்தப் படத்தை வரிசையாகப் படித்துச் சொல்லும். பழைய காமிராக் குழாய்க்கு நீளமான கழுத்தும் சூடான இழையும் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை.

ஆனால் பலருடைய பெரிய ஆசை டெலிவிஷன்தான். சூடில்லாத எலெக்ட்ரான் தகட்டைத் திரைக்குப் பின்னால் வைத்தால் பெட்டியின் தொப்பை மறைந்து, படம் மாட்டும் சட்டம்போல் சுவரில் மாட்டலாம் அல்லவா? பல கம்பெனிகள் பல வகைத் தகட்டோடு இறங்கின. அதற்குள் திரவப் படிகத் திரை விலையில் எல்லோரையும் அடித்துவிட்டது. இதே போன்ற கனவில் தோஷிபாவோடு சேர்ந்து இறங்கிய கேனான் கம்பெனி, வேறு வகையான தட்டை எலெக்ட்ரான் திரையை வருஷக்கணக்கில் வளர்த்துவிட்டு 2010-ல் வீட்டு டெலிவிஷன் திட்டத்தைக் கைவிட்டது. எலெக்ட்ரான் திரை நல்ல படம் காட்டவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. மலிவாகச் செய்ய முடியவில்லை. அதுதான் அதைக் கொன்றது.

ஓர் அணு தடிப்பில் ஒரு மூடி

எலெக்ட்ரானைச் சாகடிக்காத மெல்லிய மூடி. ஆனால் தீவு தீவாகச் சிதறாத மூடி. இப்படி ஒரு பொருள் இருக்க முடியுமா?

பென்சில் கரியில் இருந்தது!

பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட், ஏடு ஏடாக அடுக்கிய கார்பன். அதில் ஒரே ஓர் ஏட்டை ஒட்டும் நாடாவால் உரித்தெடுக்கலாம் என்று 2004-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலையின் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் காட்டினார்கள். 2010-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏட்டுக்குப் பெயர் கிராபீன். தடிப்பு ஓர் அணு; நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியும் தேன்கூட்டைப் போல ஒன்றோடொன்று பின்னிய ஒரே படலம், உருளாது, திரளாது. மின்சாரத்தையும் அழகாகக் கடத்தும்.

ஜப்பானின் சுகுபா நகரத்துத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் கட்சுஹிசா முரகாமி குழுவினர் இந்தக் கிராபீனை மேல் மூடியாக வைத்தார்கள். கீழே சிலிகான், நடுவில் சிலிகான் ஆக்ஸைடு, மேலே கிராபீன். 2016-ல் முதல் அறிவிப்பு. மூடியில் எலெக்ட்ரான் முட்டிக்கொள்ளக் கூட்டமே இல்லை. ஒரே வரிசை அணுக்கள்தான்! 2020-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், கீழிருந்து கிளம்பிய நூறு எலெக்ட்ரான்களில் 48 வரை வெளியே வந்தன.

மீட் தம் யோசனையைச் சொல்லி அப்போது சரியாக 60 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தனை பாடுபட்டு எலெக்ட்ரானை வெளியே கொண்டுவந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஊசி முனை போலன்றி, மின்புலம் முழுவதும் ஆக்ஸைடுக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தகட்டுக்கு உயர்ந்த வெற்றிடம் வேண்டியதில்லை. திரும்பிவந்து மொத்தும் காற்றணுக்களின் தொல்லையும் குறைவு. கையடக்கமான எக்ஸ்ரே குழாய், சிறிய எலெக்ட்ரான் பூதக்கண்ணாடி என்று பல இடங்கள் காத்திருக்கின்றன. செயற்கைக்கோளும் அவற்றில் ஒன்று. அயனி இயந்திரத்தால் ஓடும் செயற்கைக்கோள் நேர்மின் அணுக்களை வாலில் கக்கிக்கொண்டே போகும். அதனால் கோளில் எதிர்மின்சாரம் ஏறிவிடும். ஈடு கட்ட எலெக்ட்ரானையும் கூடவே கக்கியாக வேண்டும். விண்வெளியில் மின்சாரம் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்க வேண்டிய பண்டம். சூடேற்றாத தட்டை உமிழி கிடைத்தால் லாபம் என்று ஜப்பானில் இந்த வேலைக்கும் கிராபீன் மூடியைச் சோதித்து வருகிறார்கள்.

மூடிச் சிக்கல் பெரும்பாலும் விலகியது. ஆக்ஸைடின் காயம் மட்டும் மிச்சம். செல்போன் சில்லை எது தேய்க்கிறதோ, அதுவே இந்தத் தகட்டையும் தேய்க்கிறது. தவிர, ஆக்ஸைடுக்குள் உருண்டு வரும்போது எலெக்ட்ரான்கள் அணு அதிர்வுகளில் இடித்துக்கொண்டு வேகம் மாறிப் போகின்றன. வெளியே வரும் கூட்டம் ஒரே வேகத்தில் வருவதில்லை.

ஆகவே சுகுபாக்காரர்கள் அடுத்து நடு அடுக்கின் மேல் கை வைத்தார்கள். சிலிகான் ஆக்ஸைடுக்குப் பதிலாகப் போரான் நைட்ரைடு. இதுவும் கிராபீனைப் போல ஏடு ஏடாக அடுக்கியதே. ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது. 2021-ல் அவர்கள் வெளியிட்ட அளவுப்படி, வெளிவந்த எலெக்ட்ரான்களுக்குள் சக்தி வித்தியாசம் 0.18 எலெக்ட்ரான் வோல்ட். எலெக்ட்ரான் பூதக்கண்ணாடிகளில் இன்று உயர்ந்ததாகக் கருதப்படும் குளிர்ந்த டங்ஸ்டன் ஊசியில் அது 0.2 முதல் 0.3 வரை இருக்கும். சூடான இழையில் இன்னும் அதிகம்.